இரண்டு மணி வரைக்கும்

லிட்டில் பே, மொன்செராட்
11 மார்ச் 2014

சேசு மரி சூசை துணை

அன்புள்ள வெரீனாவுக்கு,

நேற்றுப் படகில் நான் மயங்கி விழுந்ததாக உங்கள் டேவி ஹில் முழுக்கப் பேச்சாம். நான் விழவில்லை. எழுபத்தேழு வயதுக்காரி ஆடுகிற படகில் நிற்க மறுத்து உட்கார்ந்தேன். அழுதேன் என்பதும் பொய். காற்றில் எரிமலைச் சாம்பல் பறந்தால் யாருக்கும் கண்ணில் நீர் வரும்.

பெர்னதெத்தும் மாப்பிள்ளையும் பேத்தி மோனிக்கும் என்னை லெஸ்டரிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். சாவதற்கு முன் அம்மா பிளிமத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் மகளின் ஆசை. ஊராரிடம் அதை என் ஆசை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஊருக்குள் கால் வைக்க அனுமதியில்லை. படகைக் கரைக்கு எதிரே நிறுத்திக் காட்டினார்கள். முப்பத்தாறு ஆண்டு பாடம் நடத்திய ஊரில் ஒரு தெருவைக்கூட என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. மூன்று மாடிக் கட்டடங்களில் மேல்மாடி மட்டும் மிச்சம், கீழே எல்லாம் சாம்பலில் புதைந்துவிட்டது. நம் வீடு எது என்று மோனிக் கேட்டாள். ஏதோ ஒரு கூரையைக் காட்டினேன். அது நம் வீடில்லை என்று காட்டும்போதே தெரியும்.

படகோட்டி என் பழைய மாணவன். “டீச்சரம்மா, என்னை மணிக்கணக்கா நிக்க வெச்சீங்க. இப்ப நீங்க அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டேங்கிறீங்க” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் மோனிக் கேட்டாள்: “பாட்டி, மலை வெடிச்ச அன்னைக்கு வீட்டிலேருந்து தையல் மெஷினை எடுத்துட்டு வரச் சொல்லித் தாத்தாவை நீங்கதான் அனுப்பினீங்களாமே?”

உன் பேரப்பிள்ளைகள் சொன்னார்களாம். நான் அனுப்பவில்லை என்றேன். உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

தையல் மெஷின், ஊரைக் காலி செய்த பிறகு நாங்கள் தங்கிய முகாமில் என் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின் அல்போன்சுக்கு நீ நடப்போகும் கல்லை, கல் கொத்துகிறவரின் கொட்டகையில் பெர்னதெத் பார்த்தாள். ‘மகன், சகோதரன், தகப்பன்’ என்றிருக்கிறதாம். ‘கணவன்’ என்று இல்லை. என் பெயரும் இல்லை. உடலே கிடைக்காத மனிதருக்கு அந்தக் கல்தான் கல்லறை. முப்பத்து மூன்று ஆண்டு அவரோடு வாழ்ந்தேன். என் பெயரைச் சேர்க்கும்படி கேட்கிறேன்.

உன் அண்ணி,
யூஜீனியா டூயிட்

*

டேவி ஹில்
12 மார்ச் 2014

அண்ணிக்கு,

மோனிக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணன் மூக்கு அப்படியே அவளுக்கு. ஆட்டுக்குழம்பு ஊற்றினேன், இரண்டு கிண்ணம் குடித்தாள். உங்கள் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைமேல் காட்டமாட்டேன்.

தையல் மெஷின் கதையை நான் கட்டிவிடவில்லை. ஊர் கட்டியது. நான் மறுக்காமல் இருந்தேன், அது என் தப்புத்தான்.

ஆனால் அன்று காலை அண்ணன் என் முகாம் வழியாகத்தான் போனார். நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். “போகாதீங்கண்ணா, மலை சரியில்ல” என்று கையைப் பிடித்தேன். அவர் சிரித்தார். “உங்க அண்ணிகிட்ட கேட்டுட்டுத்தான் கிளம்பினேன். பயப்படாதே” என்றார். என் கையை எடுத்துவிட்டுப் போனார்.

என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? பதினேழு வருஷமாக எனக்குத் தூக்கத்தில்கூட இதே கேள்விதான். பதில் சொல்லாமல் லெஸ்டருக்குப் போய்விட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை மட்டும் அனுப்புகிறீர்கள், முத்துமுத்தான கையெழுத்தில்.

அதைச் சொல்லுங்கள். பிறகு பெயரைப் பற்றிப் பேசலாம்.

வெரீனா

*

லிட்டில் பே
13 மார்ச் 2014

சேசு மரி சூசை துணை

அன்புள்ள வெரீனா,

நீ கேட்டது நியாயமான கேள்வி. பதிலைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

மலை அந்த ஜூன் மாதம் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டு புகைந்தது உனக்கு நினைவிருக்கும். விம்மும், கக்கும், அடங்கும். முகாமில் எல்லாரும் அதைக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டோம். அடங்கியிருக்கும் நேரத்தில் போலீஸ் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்த் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். மற்றவர்கள் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் பழகிய பழக்கம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் என்னிடம் நேரம் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது, மறைக்கமாட்டேன்.

மேல் நிலத்தில் பசு சினையாக இருந்தது. அன்று காலை, அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்றார் உன் அண்ணன். பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, “என்ன டீச்சர், உங்க நோட்டு என்ன சொல்லுது?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

நான் பார்த்தேன். எட்டு நாள் கணக்கு சரியாக இருந்தது. “ரெண்டு மணி வரைக்கும் அடங்கியிருக்கும். ஒண்ணரைக்குள்ள திரும்பிடுங்க” என்றேன்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மலை வெடித்து, நெருப்பும் சாம்பலுமாக இறங்கிவிட்டது.

நான் முகாமில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். வானம் இருண்டதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தேன். குறித்த பிறகுதான் அவர் அங்கே இருக்கிறார் என்பது மனத்தில் உறைத்தது. இதை இதுவரை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை.

அவரை நான் அனுப்பவில்லை. பொய்யைப் பொய் என்று சொல்வது சுலபமாக இருந்தது. பதினேழு ஆண்டும் தையல் மெஷினை மறுத்துக்கொண்டே இருந்தேன். அதை மறுக்கும் வரை வேறு எதையும் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீ மட்டும் சரியான இடத்தில் கேட்டாய்.

நேற்று மாலை மோனிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து இதே கதையைச் சொன்னேன்.  அவள், “நீங்க சொல்லலைன்னாலும் தாத்தா போயிருப்பாரா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உன்னிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமைக் கடிதத்தில் என் பெயரைச் சேர்க்கும்படி ஏதோ உரிமைபோல எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். இப்போது கேட்பது வேண்டுகோள். கல்லில் என் பெயர் வரலாமா, ஞாயிற்றுக்கிழமை நான் உன் பக்கத்தில் நிற்கலாமா என்பதை நீ முடிவு செய். வேண்டாம் என்றால் கடைசி வரிசையிலும் நிற்கமாட்டேன், வீட்டிலேயே ஜெபமாலை சொல்லிக்கொள்வேன்.

எங்கள் படகு திங்கள்கிழமை காலை. மோனிக்கிடம் வாயால் சொல்லியனுப்பாதே, அந்தப் பாரம் குழந்தைக்கு வேண்டாம். சனிக்கிழமைக்குள் உன் கையால் இரண்டு வரி எழுதி அனுப்பு.

யூஜீனியா