உன் புகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்

வாயாலேயே தெருவை ஆண்ட என் அம்மாவுக்கு,

ஜார்ஜ் டவுனில் நாம் வாடகைக்கு இருந்த வீடு இப்போது ஹோட்டல். நீ ஆப்பம் சுட்டு விற்ற வாசலில் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். உள்ளே சுவரில், பெரிய எழுத்தில், உன் பேச்சு. பெருமைப்படத்தான் போனேன். படித்ததும் வயிறு எரிந்தது.

நீ கண்மூடுவதற்கு முன்னால் ஒரு பெண் வந்து உன் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போனாளே, ஞாபகம் இருக்கிறதா? பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். எளிய மக்களின் பேச்சுத்திறன், ஊரின் நினைவு, விளிம்பில் இருப்பவர்களின் குரல் என்று என்னென்னவோ சொன்னாள். நீகூட அவள் தட்டில் இன்னோர் ஆப்பம் வைத்தாய்.

அவள்தான் இப்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ஆண்ட்டி, இது யாருமே கேக்காத குரல்லா," என்றாள். யாருமே கேட்காத குரலா? நீ கத்தினால் ஃபெரித் துறையில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பானே!

சுவரில் இருப்பது இவ்வளவுதான்: "அந்த வீட்டுக்காரரு மகராசன். தங்கமான மனுசன். எங்கள சொந்தம் மாதிரி வச்சிருந்தாரு." கீழே உன் பெயர். அதற்கும் கீழே அவளுடைய விளக்கம்: 'எளியவர்களின் நன்றி மொழி.'

நன்றியாம், நன்றி! ஒருவரைக் கிழிக்கப் போகிறாய் என்றால் முதலில் அவரைத் தூக்கித் தலையில் வைப்பாய். மீன்காரரை "என் ராசா" என்று நீ ஆரம்பித்தாலே, அடுத்து வரப்போவது தெரிந்து நானும் அண்ணனும் உள்ளே ஓடிவிடுவோம். அவள் பதிவு செய்த அன்றும் அதே மூச்சில், "அப்பேர்ப்பட்ட புண்ணியவான்தான் கொட்டுற மழையில எங்க சட்டி பானைய ரோட்டுல தூக்கிப் போட்டாரு. அந்த வீடு வெளங்குமா?" என்றாய். பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்.

"மிச்சத்த எங்க காணோம்?" என்று அவளிடம் கேட்டேன்.

"சுவத்துல இடம் அவ்ளோதான் ஆண்ட்டி."

"செலவு யாரு?"

"ஹோட்டல்காரருதான். அந்த வீட்டுக்காரரோட பேரன். ரொம்ப சப்போர்ட் பண்றாருலா."

இடம் அவ்வளவுதானா? இல்லை, உன் பேச்சு அவளுக்கு நிஜமாகவே புரியவில்லையா? கடல் தாண்டிப் பட்டர்வொர்த் வீட்டுக்குத் திரும்பும் ஃபெரியில் அதையே போட்டுக் குழப்பிக்கொண்டு வந்தேன். அவள் முகத்தில் கள்ளமே தெரியவில்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடுகிறது.

"விடுலா, அம்மா பேராச்சும் சுவத்துல இருக்கே," என்கிறான் அண்ணன். இருந்து என்ன? வருகிறவன் எல்லாம் உன்னை வீட்டுக்காரரைக் கும்பிட்டுக் கிடந்தவள் என்று நினைத்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போவான். எனக்குத் தாங்கவில்லை அம்மா.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறாள். பேரனும் முன்வரிசையில் உட்காருவானாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மைக்கைப் பிடித்ததும் அவனைப் பார்த்து, "தங்கமான பிள்ளை, மகராசன்," என்றுதான் ஆரம்பிப்பேன். சத்தியமாக, உன்னை மாதிரியே ஆரம்பிப்பேன்.

உன் வாய் அப்படியே வாய்த்திருக்கும்
உன் சின்ன மகள்