ஹெலிகாப்டரில் இருந்த அழுக்கு

அன்புள்ள மகன் ஜெரிஷுக்கு அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே நாட்கள் போகின்றன, சுகம் என்று முழுதாக எழுத மனம் வரவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெமிலா லீவு முடிந்து நீ இருக்கும் ஊருக்குத் திரும்பும்போது அவள் கையில் கொடுத்துவிட இதை எழுதுகிறேன். மழை விட்டபாடில்லை, ரப்பர் பால் வெட்டு நின்று கிடக்கிறது, உன் அக்கா ஜெஸ்மி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இந்த வாரமும் வரவில்லை, என் முழங்கால் பழைய மாதிரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். சபை அசன விருந்துக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று வழக்கம்போல வீட்டைத் தலைகீழாக்கிக் கழுவினோம். அப்பா உன் ஷோகேஸைத் திறந்து, காலேஜ் காலத்தில் நீ ஒட்டிச் செய்த பிளாஸ்டிக் போர் ஹெலிகாப்டரைப் பார்த்து, பயல் இத்தனை வருஷமாய்த் துடைக்காமல் போட்டிருக்கிறானே என்று சோப்புத் தண்ணீரில் முக்கி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் வைத்தார். புதுசு போல மின்னியது, அவருக்கு ஒரே பெருமை. பிறகு பக்கத்தில் நீ அடுக்கியிருந்த போட்டோ புத்தகங்களைத் தட்டி வைக்கும்போது ஒன்றைப் பிரித்துக் கண்ணோடு ஒட்டிப் பார்த்திருக்கிறார். மாடல் செய்கிறவர்களுக்காகவே நிஜ ஹெலிகாப்டரை அக்குவேறு ஆணிவேறாக எடுத்த படங்கள், சக்கரத்துக்கு மட்டுமே நாலைந்து பக்கம். புகைக்கரி, எண்ணெய் வடிந்த தடம், கால் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்த இடம் எல்லாவற்றையும் நீ பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாய். தான் கழுவிய அழுக்கெல்லாம் நீ படம் பார்த்துப் பார்த்துப் பூசியது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று முதல் அந்த அழுக்கைத் திரும்பப் பூசிக்கொண்டிருக்கிறார், தேங்காய்ச் சிரட்டைக்கரியை அரைத்துத் துணியில் சலித்து. ஆனால் மக்கா, அவருக்கு இப்போது படம் சரியாகத் தெரிவதில்லை. உன்னிடம் கொஞ்சம் மங்கல் என்றுதானே சொன்னார். கண்ணில் பிரஷர், இடது கண் ஏறக்குறையப் போய்விட்டது, வலதும் ஓரத்திலிருந்து மறைந்து வருகிறது. உடனே ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று நாகர்கோவில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவர் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார். ஆபரேஷன் செய்தால் கொஞ்ச நாள் குனிந்து வேலை செய்யக் கூடாதாம், அதற்குள் நீ கிறிஸ்மஸுக்கு வந்துவிடுவாயாம். "எனக்க கண்ணு எங்கயும் ஓடிப் போவாது, பய வாறதுக்கு முன்ன இத சரியாக்கணும், கேட்டியா" என்கிறார். சண்டை போட்டேன், போதகரை விட்டும் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. நான் லென்ஸைப் பிடித்துப் படத்தைப் பார்த்து, கரி வால் பக்கம் போகப் போக மெலிகிறது, தூசி சாம்பல் நிறம் என்று சொல்லச் சொல்லப் பூசுகிறார், சரியில்லை என்று அவரே துடைத்துவிடுகிறார். அடுப்பில் குழம்பு கரிகிறது. எனக்கு அலுத்துவிட்டது ஜெரிஷ். நேற்று வாலில் பூச வேண்டியதை மேஜைமேல் பூசிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து ஹெலிகாப்டர்மேல் எடுத்து வைத்தேன். அடுக்களைக்குப் போய் அழுதேன்.

நீ வருவது லீவைப் பொறுத்தது, நான் கட்டாயப்படுத்தவில்லை. இதைப் படித்ததும் அப்பாவைக் கூப்பிடு. அம்மா எழுதினாள் என்றே சொல், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். கழுவினதில் எனக்கு வருத்தமில்லை என்று சொல், வருத்தம் இருந்தாலும் அப்படியே சொல். மீதியை நான் வந்து உங்களோடு உட்கார்ந்து பூசுகிறேன், அதற்கு உங்கள் கண் வேண்டும் என்று சொல். நான் சொன்னால் கேட்காதவர் நீ சொன்னால் கேட்பார்.

கர்த்தர் உன்னை ஒரு தீங்கும் அணுகாமல் பார்த்துக்கொள்ளட்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. டாக்டர் கடைசியாகக் கொடுத்த தேதி அடுத்த மாதம் முதல் வியாழன், மறந்துவிடாதே. எண்ணெய்த் தடம் எந்தப் பக்கம் என்று அப்பா உள்ளேயிருந்து கேட்கிறார். புத்தகம் அவர் மடியில்தான் விரிந்து கிடக்கிறது. நான் போகிறேன்.

உன் அம்மா,
நேசபாய்