முலாம் பூசாத கீல்

வெள்ளிக்கிழமை, இரவு. மழை இன்னும் விடவில்லை.

சரோஜா போலியோ வந்த காலுக்கு இரும்புக் கம்பிச் சட்டம் மாட்டி நடக்கிறவள். அதன் முழங்கால் கீலை என் லேத் பட்டறையில்தான் புதிதாகக் கடைந்தோம். நிக்கல் முலாம் பூசக் கொழும்புக்கு அனுப்பலாமாக்கா என்று கேட்டாள். "சீலைக்குள்ள இருக்கிறத யாரு பாக்கப்போறா? எண்ணெய் போட்டா போதும்" என்று நான்தான் சொன்னேன். பளபளப்பில் எனக்கு என்றுமே நம்பிக்கையில்லை. அவள் தேயிலை நாற்றுமேடையில் நாளெல்லாம் ஈரத்தில் நிற்கிறவள். அதை நான் யோசிக்கவில்லை.

இன்று தோட்டத்து மாரியம்மன் திருவிழா. மஞ்சள் சீலை நனைய, பால்குடத்தோடு வரிசையில் நின்றாள். சீலையின் பின்பக்கம் செம்பழுப்பாய் ஒரு கறை. பக்கத்து லயத்து வீட்டுப் பார்வதியக்கா பார்த்துவிட்டாள்.

"ஏன்டி, வீட்டுக்குத் தூரமா இருந்துக்கிட்டு சாமிகிட்ட வருவியா? எறக்குடி கொடத்த!"

அது துரு என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் சரோஜா ஒரு கையால் சீலையை முழங்காலுக்கு மேல் தூக்கிவிட்டாள்.

"நல்லா பாருங்க. இரும்புங்க. இரும்புக்குமா தீட்டு?"

சில பெண்கள் சிரித்தார்கள். பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் என்னிடம் சொன்னாள்: "இப்ப தோட்டமே பாத்துருச்சுக்கா. பளபளன்னே செஞ்சிருக்கலாம்."

"கழட்டிக் குடு. நாளைக்கே அனுப்புறேன்."

"அது வர்ற வரைக்கும் நா எதுல நடக்கிறது?"

அவளுடைய வேகத்துக்கு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் கீல் கிறீச்சிட்டது.