பன்னிரண்டாம் நம்பர் மலையில் எண்ணெய்

2024 பெப்ரவரி 7, புதன்

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையோடு வாய்த்தகராறு. நேற்று எங்களோடு வேலை செய்கிற கருப்பம்மாவுக்குத் தேயிலைக் கொழுந்து இரண்டு கிலோ குறைந்துவிட்டதாம், அரைநாள் பேர்தான் போடுவானாம், அரைச் சம்பளம்தானாம். மலையில் கொழுந்து இருந்தால்தானே பறிப்பதற்கு? பாதி புல்லு, மீதி பன்றிக்கூட்டம். கத்தினேன். முழுப்பேர் போட்டான். யூனியனில் தோட்டத் தலைவர் என்று எனக்கு ஒரு பட்டம் இருக்கிறதே, அதன் மொத்தப் பலனும் இவ்வளவுதான்.

மாலையில் பன்னிரண்டாம் நம்பர் மலைக்கு இரண்டு ஜீப் ஏறிப் போயின. தோட்டம் கைவிட்டுக் காடாகிப்போன மலை அது. விறகு பொறுக்குகிறவர்களைத் தவிர யாரும் போவதில்லை. அங்கே ஜீப்புக்கு என்ன வேலை?

பெப்ரவரி 11

எண்ணெயாம்!

கோயில் முன்னால் கூட்டம். பதுளையிலிருந்து சதீஸ்குமார் என்று ஒருவன் வந்திருந்தான். எண்ணெய் எடுக்க வந்திருக்கிற கம்பனிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவன். நம்ம ஆள்தான், அப்பா அம்மா ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர்களாம். பெரிய கடதாசி ஒன்றை விரித்துக் காட்டினான். நமுனுகுலயிலிருந்து மொனராகலை வரைக்கும் மஞ்சள் பூசியிருந்தது. மஞ்சள் பூசிய இடமெல்லாம் கல்லுக்குள் எண்ணெய். ஷேல் எண்ணெய் என்று பேர்.

“கிணறு மாதிரி இருக்காதுங்க. கல்லுக்குள்ள ஊறிப்போய்க் கிடக்கும். தண்ணிய அழுத்தி அடிச்சு, கல்லை வெடிக்க வச்சு எடுக்கணும். அமெரிக்காவுல மாடு மேய்ச்ச ஊரெல்லாம் இன்னைக்கு எப்படி இருக்கு தெரியுமா? அஞ்சு வருசத்துல பதுளை அப்படி ஆகும்.”

தலைவராச்சே, நானும் ஒரு கேள்வி கேட்டேன். “அதுல எங்களுக்கு என்ன கிடைக்கும்?”

“முதல் வேலை உங்களுக்குத்தான் தலைவரே. நிரந்தர வேலை. கல்வீடு.”

எல்லாரும் கை தட்டினோம். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் மண்ணெண்ணெய்க்காக ஹாலிஎலயில் இரண்டு பகல் கேனோடு நின்றவர்கள் நாங்கள். அந்த எண்ணெய் எங்கள் காலுக்குக் கீழேயே கிடந்ததா? இத்தனை காலம் ஒருத்தனும் சொல்லாமல்?

வீட்டுக்கு வந்ததும் விஜயலெட்சுமி கேட்டாள்: “எல்லாரும் கை தட்டுனீங்களே, எதுக்குன்னு யாருக்காச்சும் தெரியுமா?” என் பெண்சாதிக்கு நல்ல வார்த்தை வாயில் வராது.

மார்ச் 2

துளை போடுகிறார்கள். சத்தம் நாங்கள் குடியிருக்கிற லயம் வரைக்கும் கேட்கிறது. உலக்கை மாதிரி நீளநீளமாகக் கல் வெளியே வருகிறது, அதைப் பெட்டி பெட்டியாக அடுக்குகிறார்கள். உடைந்த துண்டு ஒன்றை சதீஸ்குமார் என் கையில் தந்தான். லயம் முழுக்க முகர்ந்து பார்த்தோம். எண்ணெய் வாசம்! சத்தியமாக எண்ணெய் வாசம்! கருப்பம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நானும் ஒற்றிக்கொண்டேன், அதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

மார்ச் 14

மகள் சிவசக்தியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அவள் வாய் சும்மா இருக்குமா? கல் விஷயத்தைப் புவியியல் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். சுலோஜனா டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கல்லைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார், கொடுத்தேன். குழாயடியில் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, என்னிடமே நீட்டினார்.

“இப்ப மணந்து பாருங்கோ, தலைவர்.”

ஒரு வாசமும் இல்லை.

“முந்தி மணந்தது மெஷின்ர டீசல். ஷேல் எண்டுறது சேறு படிஞ்சு இறுகின கல்லு, எண்ணெய் அதுக்குள்ளதான் இருக்கும். இது பூமிக்குள்ள வெந்து உருமாறின கல்லு. இந்த மலைப் பக்கம் முழுக்க இதுதான். ஆரோ உங்களை ஏமாத்துகினம் போல கிடக்கு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “டீச்சர், உங்களுக்கு ரெண்டு வருசத்துல இடமாற்றம் வரும், ஊருக்குப் போயிருவீங்க. நாங்க இங்கேயே கிடக்கணும். எங்களுக்கு ஒரு நல்லது வருதுன்னா யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு எப்பவுமே பொறுக்காதே!” என்று கேட்டுவிட்டேன். அவர் குழாயை மூடிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் சிவசக்தி என் பக்கத்தில் உட்காரவில்லை. லயத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். “நல்லா குடுத்தீங்க தலைவரே!” எத்தனை காலம் எங்களைத் தோட்டக்காட்டான் என்றவர்கள்! அந்த ஒரு சொல்லுக்கு இன்றைக்குத்தான் பதில் கொடுத்தது போல இருந்தது. இந்த டீச்சர் அந்தச் சொல்லை ஒரு நாளும் சொன்னவரில்லை என்பது வேறு விஷயம்.

மார்ச் 21

ஒரு நிபந்தனை வந்திருக்கிறது. தோட்டத்துச் செக்ரோலில், அந்த வேலையாள் பதிவில், பேர் உள்ளவர்களைக் கம்பனி எடுக்காதாம். பேரை வெட்டிக்கொண்டு, அதற்குத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் துண்டு வாங்கி வர வேண்டும்.

செக்ரோலில் பேர் என்றால் வேலை மட்டுமா? லயத்தில் குடியிருக்கிற காம்பராவும் அதில்தான் தொங்குகிறது. வீட்டில் ஒருத்தருக்காவது பேர் இருந்தால்தான் லயத்தில் குடியிருக்க விடுவார்கள். சொந்த மண்ணுக்குக் காணி உறுதி என்று ஒன்றை எங்கள் பரம்பரையில் யார் கண்டது? சதீஸ்குமாரிடம் கேட்டேன். “கம்பனி கல்வீடு கட்டும்போது இந்தக் காம்பராவை யாரு தலைவரே கேக்கப்போறா?” என்றான். நியாயமாகத்தான் பட்டது.

சாயந்தரம் கருப்பம்மா வந்தாள். புருஷன் செத்து ஆறு வருஷம், ஒரே பெண் பிள்ளை ஐந்தாம் வகுப்பு. அந்த வீட்டில் அவள் பேர் ஒன்றுதான்.

“பயமா இருக்குண்ணே. அண்ணியும் பேரு வெட்டுதா?”

“ஆமா. அடுத்த வாரம்.”

“அப்ப சரி. அண்ணி வெட்டுனா நானும் வெட்டுறேன்.”

விஜயலெட்சுமியிடம் நான் இன்னும் கேட்கவேயில்லை. கேட்டால் சம்மதிப்பாள். சம்மதிக்காமல் எங்கே போவாள்?

மார்ச் 24

சம்மதிக்கவில்லை.

“உங்க பேரு, நீங்க வெட்டுங்க. என் பேரு பதினெட்டு வயசுல எங்கம்மா கையைப் புடிச்சிக் கூட்டிப் போய்ப் பதிஞ்சது. அதைத் தொடாதீங்க.”

கத்தினேன். சோற்றுத் தட்டைத் தள்ளினேன். அவள் சிந்தியதை அள்ளிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். ஊருக்கெல்லாம் தலைவன், வீட்டில் இவள் ஒருத்தி கேட்க மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 28

பதினேழு பேர் வெட்டினோம். முதல் பேர் என்னுடையது. ஒரு லீவுத் துண்டுக்குப் பத்து நாள் நடக்கவிடுகிற பெரிய கிளாக்கர், பதினேழையும் ஒரே காலையில் முடித்துவிட்டார். எல்லாருக்கும் பிளேன்டீ வேறு. கருப்பம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தலையாட்டினேன்.

விஜயலெட்சுமிக்கு உடம்பு சரியில்லை, பிறகு வந்து வெட்டுவாள் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 10

மஞ்சள் தொப்பி, மஞ்சள் அங்கி, பூட்ஸ். வெள்ளைக்காரர் ஒருவர் வந்து எங்களை மெஷினுக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார். சிரிக்கச் சொன்னார். சொல்லாமலே சிரித்துக்கொண்டுதான் நின்றோம்.

ஜூன் 6

நல்ல நாட்கள். பாதை வெட்டுகிறோம், குழாய் சுமக்கிறோம். கணக்கப்பிள்ளையின் தராசு இல்லை, அரைப்பேர் இல்லை. கருப்பம்மா கூட வாய்விட்டுச் சிரிக்கிறாள். “கல்வீட்டுல ரெண்டு ஜன்னல் வைப்பாங்களாண்ணே?” என்று கேட்டாள். மூன்று என்றேன். என் அப்பன் வீட்டுச் சொத்தா, குறைத்துச் சொல்ல?

விஜயலெட்சுமி தினமும் பெரட்டுக்குப் போகிறாள். கேட்கிறவர்களிடம், “அடுத்த மாசம் வெட்டிருவா” என்கிறேன்.

செப்டம்பர் 3

மெஷினை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு இடத்தில் துளை போட வேண்டுமாம், பத்து நாளில் வருவார்களாம்.

செப்டம்பர் 27

சதீஸ்குமாரின் போன் அணைந்தே கிடக்கிறது. பதுளைக்குப் போனேன். அவன் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது கீழ்க்கடை இப்றாஹீம் நானாவின் துணிக்கட்டுகள். “அவங்க காலி பண்ணி மூணு கிழமையாச்சே தலைவர், உங்களுக்குச் சொல்லலியா?” என்றார்.

திரும்பி வந்து மலையில் ஏறிப் பார்த்தேன். கல் பெட்டிகள் எல்லாம் மழையில் கிடக்கின்றன. எண்ணெய் உள்ள கல்லை எவனாவது மழையில் போட்டுவிட்டுப் போவானா? சொல்லுடா அழகர், போவானா? ஒரு டீச்சர் உன் கண்ணுக்கு முன்னாலேயே கழுவிக் காட்டுச்சே, அப்பவும் உனக்கு மண்டையில ஏறலியே, எருமை!

ஒக்டோபர் 8

பதினேழு பேரும் துரையைப் பார்க்கப் போனோம். துரை வெளியே வரவில்லை, பெரிய கிளாக்கர்தான் வந்தார். வெட்டிய பேரைத் திரும்பப் பதிய ஏலாது, புதுப் பதிவு நிறுத்தியாகிவிட்டது. வேண்டுமானால் கைக்காசுக்கு வரலாம், பறிக்கிற கிலோவுக்குக் காசு, வேறு ஒரு உரிமையும் கிடையாது. பேர் இல்லாத வீடுகள் டிசம்பர் முடிவதற்குள் காம்பராவை விட்டுவிட வேண்டும்.

“நீங்களா வந்து வெட்டுனதுதானே தலைவர்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

யூனியன் ஆபீஸிலும் அதையேதான் சொன்னார்கள், சிரிக்காமல்.

ஒக்டோபர் 9

தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வைத்துக் கேட்டுவிட்டார்கள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகப் பேசினார்கள். “நம்ம பேரையெல்லாம் வெட்ட வச்சிட்டு, பொண்டாட்டி பேரைப் பத்திரமா வச்சிக்கிட்டாரு. விசயம் தெரிஞ்ச தலைவரு!”

என்ன பதில் சொல்வேன்? அவள் என் பேச்சைக் கேட்கவில்லை என்றா? யார் நம்புவார்கள்? என் காம்பரா நிற்கிறது. அவர்கள் காம்பரா போகிறது. இதற்கு மேல் அவர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்?

கருப்பம்மாவும் அங்கே குடத்தோடு நின்றாள். குடம் நிறைந்ததும் இடுப்பில் வைத்துக்கொண்டு, “அண்ணி அடுத்த வாரம் வெட்டும்னு சொன்னீங்களேண்ணே” என்றாள். அவ்வளவுதான். செருப்பைக் கழட்டி அடிச்சிருக்கலாம்.

நவம்பர் 20

சுலோஜனா டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவரே பேசினார்.

“எண்ணெய் இல்லாட்டிலும், இருக்கெண்டு சொல்லியே உழைக்கலாம் தலைவர். வெளிநாட்டில பங்கு வித்திருப்பினம். அதுக்கு ஒரு மலையும், தொப்பி போட்ட கொஞ்சச் சனமும் படத்தில இருந்தாக் காணும்.”

அப்ப நாங்க படத்துக்கு நின்ன ஆளுங்க.

“அன்னைக்கு நான் பேசினது…” என்று இழுத்தேன்.

“விடுங்கோ. பிள்ளையின்ர படிப்பைப் பாருங்கோ.”

இரண்டு திட்டு திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

டிசம்பர் 29

கருப்பம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மொனராகலைக்குப் போகிறாள். கரும்பு வெட்டுகிற இடத்தில் தங்க ஒரு கொட்டில் தருவார்களாம். பிள்ளைக்கு அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

விஜயலெட்சுமி கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்களோட வந்து இரு. சொந்தக்காரின்னு என் பேர்ல எழுதிக் குடுக்கிறேன்.”

“வேணாம் அண்ணி. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா தெனம் எந்திரிச்சு அண்ணன் மூஞ்சியில முழிக்க என்னால ஏலாது.”

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். மூட்டையைத் தூக்கிக் கொடுக்கப் போனேன். விடவில்லை. பஸ் வரும்வரை நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

2025 ஜனவரி 5

முதல் நாள் கைக்காசுக்குப் போனேன். ஒன்பது கிலோ.

ஜனவரி 21

கருப்பம்மாவின் காம்பராவை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மகள் பெரியவளாகிவிட்டாள், இன்னொரு காம்பரா வேண்டும் என்று விஜயலெட்சுமி எப்போதோ மனு கொடுத்திருக்கிறாள். காலியான காம்பரா பேர் உள்ளவர்களுக்குத்தான் போகுமாம். எங்கள் வரிசையில் பேர் மிஞ்சியிருப்பது அவளுக்கு மட்டும்தான்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். “நாம வேணாம்னா அவ திரும்பி வந்துருவாளா?” என்றாள். அழுதாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் அந்தக் காம்பராவைக் கூட்டினாள். சிவசக்தி புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாவியை ஆபீஸில் வாங்கி வந்தது நான்தான். வேண்டாம் என்று சொல்லும் எண்ணத்தோடுதான் போனேன். பெரிய கிளாக்கர் சாவியை நீட்டியதும் கையை நீட்டினேன். நன்றிங்க ஐயா என்றும் சொன்னேன்.