பட்டறைக் கல்

786

பாலக்கரை, திருச்சி
8-1-1961

பினாங்கில் இருக்கும் என் மதிப்புக்குரிய அண்ணன் ஹபீபுல்லா அவர்களுக்குத் தங்கை ஆரிஃபா சொல்லும் சலாம். உங்களையும் மதினியையும் பிள்ளைகளையும் அல்லாஹ் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் கொடுத்தனுப்பிய துணியும் கோடாலித் தைலமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. தையல் மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தைலம் அதற்கு ஆகிறது. துணியில் மகள் நஜ்முன்னிசாவுக்கு ஒரு பாவாடை தைத்துவிட்டேன். வளர்கிற பிள்ளை என்று கீழே மடிப்பு அதிகமாக வைத்தேன். நம் சின்னம்மா மகள் ஜீனத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம்.

உங்கள் கடிதங்களில் எல்லாரையும் விசாரிக்கிறீர்கள். உங்கள் மச்சானை மட்டும் கேட்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை அண்ணா. உங்கள் நிக்காஹ் விருந்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவரைப் போலீஸ் வந்து எழுப்பிக்கொண்டு போனதை நானும்தான் பார்த்தேன். பித்தளைக் காசைப் புதையல் என்று ஊர் ஊராக விற்றவருக்குத் தங்கையைக் கொடுத்தோமே என்று நீங்கள் அன்று தலையில் கை வைத்து உட்கார்ந்ததும் மறக்கவில்லை. ஆனால் இன்று அவரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ஜெயிலிலிருந்து வந்த நாள் முதல் அவர் நசுருதீன் ராவுத்தரின் பட்டறையில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறார். ராவுத்தர் எல்லாம் தெரிந்தேதான் வேலை கொடுத்தார். காலையில் போனால் பொழுது சாயும்போது வருவார். விரல் நுனியெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. கண்ணில் எப்போதும் நீர் வடிகிறது. வாயைத் திறந்து பேசுவதே இல்லை. பேச்சாலேயே ஊரை வளைத்தவர் இப்போது சோறு போதும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டுகிறார். பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒலுச் செய்ய உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறாராம். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் என்னைக்கு ஆரிஃபா அடுத்தவன் பையில கைவிட்டேன்? அவங்களாத்தானே கொடுத்தாங்க." அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் கலீல் வந்தார். உங்களுக்குத் தெரியும், பழைய நாட்களில் இவருக்குக் கூட்டாளி. கையில் அல்வாப் பொட்டலம், வாயில் அத்தர் மணக்கிற பேச்சு. நான் அடுப்படியில் இருந்தேன். திரைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. வையம்பட்டிப் பக்கம் அழகர்சாமி என்று நிலபுலன் உள்ள ஒரு சம்சாரி. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை கரூரில் சர்க்கார் உத்தியோகம். வைரத்தோடு போட்டால்தான் ஆயிற்று என்கிறார்களாம். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய குடும்பத்துத் தோடு ரகசியமாக விலைக்கு வருகிறது என்று கலீல் அவருக்கு ஆசை காட்டி வைத்திருக்கிறார். தோட்டுக்குக் கல் இவருடைய பட்டறையிலிருந்து வர வேண்டும். இவர் மெட்ராஸ் வைர வியாபாரியாக வந்து உட்கார்ந்து, தானே வாங்கப் போகிறவர் மாதிரி விலையை ஏற்றிவிட வேண்டும். "நீ வந்து உக்காந்தாப் போதும் சுக்கூரு, உன் வாய்க்கு இன்னும் இந்த ஜில்லாவுல ஆள் கிடையாது" என்றார்.

இவர் முடியாது என்றுதான் சொன்னார். நான் கேட்டேன். ஆனால் அன்று மாலை நஜ்முன்னிசாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். அரசன் மாதிரியும் பிச்சைக்காரன் மாதிரியும் குரலை மாற்றி மாற்றிச் சொன்னார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் கழித்து அந்தக் குரல் வீட்டுக்குத் திரும்பி வந்ததில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

துஆச் செய்யுங்கள் அண்ணா.

இப்படிக்கு
தங்கை ஆரிஃபா


786

பாலக்கரை
5-2-1961

அண்ணன் அவர்களுக்கு ஆரிஃபாவின் சலாம். உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். காத்திருக்க முடியாமல் நானே மறுபடி எழுதுகிறேன்.

முந்தின கடிதம் போட்ட கொஞ்ச நாளில் அவர் பெட்டியின் அடியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார். பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காம். பிறகு துருக்கித் தொப்பியைத் துடைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்னிடம் ஒரு பொய் சொல்வார், அதற்கு நான் வழி செய்துகொடுப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன். சரியோ தப்போ, கேட்பதற்கு எனக்குத் தெம்பும் இல்லை.

போன புதன்கிழமை காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "பட்டறைக்கு இன்னைக்கு லீவு. ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றார். கண்ணில் நீர் வடியவில்லை. கல்யாணமான புதிதில் எப்படி நிமிர்ந்து நடந்தாரோ அப்படி நடந்து போனார். நான் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். எதைத் தைத்தேன் என்று தெரியாமல் ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கமாக வைத்துத் தைத்துவிட்டேன். பிறகு பிரித்தேன்.

பிற்பகல் அஸர் பாங்குக்கு முன்பே வந்துவிட்டார். கோட்டைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா மண்டபத்துக்குப் போகிற வீதியில் கலீல் ஒரு வீட்டின் முன்னறையை அன்றைக்கு மட்டும் பேசி வைத்திருந்தாராம். அழகர்சாமியும் அவர் மனைவி மாரியாயியும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து காவிரியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல் தெரிகிறதாம். இவர் மெட்ராஸ் வியாபாரியாக உள்ளே போனார். லென்ஸை எடுத்துத் தோட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வார்த்தை தடுக்கல ஆரிஃபா. எல்லாம் தானா வந்துச்சு. அந்த மனுஷன் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாரு. என் பேச்சை ஒரு ஆள் அப்படிக் கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் முகம் கொஞ்சம் பிரகாசமானது. மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு அந்த அம்மாள், "நானும் ஒரு தரம் பாக்கலாங்களா" என்று கூச்சத்தோடு கேட்டாராம். தோட்டை வாங்கித் தன் காதோரம் வைத்துப் பார்த்தாராம். பாம்படம் போட்டு வளர்த்த காது, இப்போது ஒன்றும் இல்லாமல் தொங்குகிறது. மகள் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று புருஷனிடம் காட்டியிருக்கிறார். பிறகு உள்ளங்கையில் வைத்து, கல்லை விரலால் தடவி, "என்னமா மினுங்குது. இதைச் செஞ்ச கை நல்லாருக்கணும்" என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு அவர் தன் கையைப் பார்த்தார்.

அந்தக் கல்லைப் பட்டை தீட்டியவர் இவர்தானே அண்ணா. ராவுத்தருக்குத் தெரியாமல் பட்டறையிலிருந்து எடுத்து வந்த ஜோடி. ஜெயிலிலிருந்து வந்த பிறகு அந்தக் கையை ஒருவரும் வாழ்த்தியதில்லை. இப்போது வாழ்த்தியவர், இவர் ஏமாற்றப் போகிற பெண்பிள்ளை.

இவர் சொல்லிவிட்டாராம். "அம்மா, இது வைரம் இல்லீங்க. பட்டறைக் கல்லு. நாந்தான் பட்டை போட்டேன். வாங்காதீங்க."

அழகர்சாமி சிரித்தாராம். "பாய் எமகாதகரா இருக்காரே. நாம விட்டுட்டுப் போனா அவரு வாங்கிக்கலாம்னு பாக்குறாரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து பண முடிச்சை எடுத்து அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். கலீலும் சேர்ந்து சிரித்தார். இவர் எழுந்து நின்று, சத்தியமாகச் சொல்கிறேன், இது கண்ணாடி மாதிரி என்றார். அவர் இன்னும் வேகமாக அவிழ்த்தார்.

அப்போதுதான் இவர் குரலைத் தாழ்த்தி, அந்த அம்மாளைப் பார்த்துப் பேசினாராம். "சரிம்மா, உண்மையைச் சொல்லிடறேன். வைரந்தான். ஆனா தோஷமுள்ள வைரம். இதைப் போட்ட ரெண்டு பொண்ணுங்களும் வருஷம் திரும்பறதுக்குள்ள தாலியறுத்தாங்க. அதனாலதான் இவங்க வித்துத் தள்ளப் பாக்குறாங்க. எனக்கு இது வியாபாரம், வெளியூருக்கு வித்துடுவேன். நீங்க பொண்ணு காதுல போடப் போறீங்க."

மாரியாயி தோட்டைக் கீழே போட்டுவிட்டார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அழகர்சாமி முடிச்சைக் கட்டி இடுப்பில் செருகினார். போகும்போது இரண்டு பேரும் இவரைக் கும்பிட்டார்களாம். எங்கள் குலத்தைக் காப்பாற்றினீர்கள் என்று அந்த மனிதர் கண் கலங்கினாராம்.

"உண்மையைச் சொன்னேன், சிரிச்சாங்க. பொய்யைச் சொன்னேன், கும்பிட்டுட்டுப் போறாங்க" என்றார் என்னிடம். அழவில்லை. ரொம்பக் களைத்துப்போயிருந்தார். பஸ்ஸுக்கு நிற்காமல் காவிரிப் பாலம் வழியாக நடந்தே வந்திருக்கிறார்.

அண்ணா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன், நான் முதலில் நம்பவில்லை. இதுவும் ஒரு கதையாக இருக்குமோ, பணத்தை எங்காவது வைத்துவிட்டு வந்திருப்பாரோ என்றுதான் தோன்றியது. கட்டிக்கொண்டவளுக்கே அப்படித் தோன்றியது. மறுநாள் கலீல் வந்து வாசலில் நின்று கத்தினார். கனிந்து வந்த காரியத்தைத் தோஷம் கீஷம் என்று சொல்லிக் கெடுத்தாயே, உனக்கு எதற்கு இந்தப் புண்ணியம் என்று தெருவே கேட்கும்படி ஏசினார். அந்தப் பொய்யர் கோபப்பட்டதால்தான் என் புருஷன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது.

மதினிக்கு என் சலாம். பதில் எழுதுங்கள்.

ஆரிஃபா


786

பாலக்கரை
26-2-1961

அண்ணன் அவர்களுக்கு ஆரிஃபாவின் சலாம். நோன்பு நடந்துகொண்டிருக்கிறது. வெயில் முன்கூட்டியே வந்துவிட்டதால் நாக்கு வறண்டுபோகிறது. நஜ்முன்னிசாவும் தலை நோன்பு பிடித்தாள். மதியத்தில் வாடிப்போய் என் மடியில் படுத்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை.

உங்கள் கடிதம் வந்தது. தைரியமாக இரு, பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். முடிந்தால் அவரை விட்டுவிட்டு உங்களிடம் வந்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் மேல் உள்ள பிரியத்தில் எழுதினீர்கள், எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படாமல் அடுப்பில் போட்டுவிட்டேன். மன்னியுங்கள்.

பட்டறை வேலை போய்விட்டது. கலீல் சொல்லிக்கொடுத்து அல்ல. தோட்டிலிருந்து கழற்றி எடுத்து வந்த அந்த ஜோடிக் கல்லை இவரே கொண்டுபோய் ராவுத்தர் முன்னால் வைத்து, எடுத்தேன், திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். ராவுத்தர் கெட்ட மனிதர் இல்லை. வெகு நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "இது மட்டுந்தானா சுக்கூர்?" என்று கேட்டாராம். இது மட்டும்தான் என்று இவர் சொன்னார். ராவுத்தரால் நம்ப முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேனோ என்னவோ. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வேறு பட்டறைகளில் கேட்டுப் பார்த்தார். விஷயம் அவருக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போய்விட்டது. ஒரு சுருட்டுக் கம்பெனியில் சுமை இறக்குகிற வேலை என்றார்கள். போய் இரண்டு நாள் மூட்டை தூக்கினார். மூன்றாம் நாள் யாரோ அடையாளம் சொல்லிவிட்டார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். எனக்குப் பொத்தான் துளை போட்டுத் தருகிறார். தேய்ந்த விரலில் ஊசி நிற்பதில்லை. ஆனாலும் பொறுமையாகப் போடுகிறார்.

நேற்று கலீல் மறுபடியும் வந்தார். கோபமெல்லாம் தணிந்துவிட்டது. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இவர் தோளில் கை போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்து போனார். பெருநாள் கழிந்ததும் முக்கொம்புப் பக்கம் ஒரு இடத்தில் ஒரு செட்டியாரைப் பார்க்க வேண்டுமாம். "ஊர் நம்பலைன்னா போகட்டும், நான் உன்னை நம்பறேன் சுக்கூரு" என்றாராம். இவர் திரும்பி வந்து என்னிடம் எதையும் ஒளிக்காமல் சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றார். போக மாட்டேன் என்றும் என்னிடம் சொல்லவில்லை.

நான் அவரோடு சண்டை போடவில்லை அண்ணா. சண்டை போட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவரைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வரவில்லை. உண்மையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. நம்புகிறேன் என்று சொல்ல உலகத்தில் கலீல் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், ஒரு மனிதர் எத்தனை நாள் தாங்குவார்? நான் நம்புகிறேன் என்று சொன்னேன். நீ என் பெண்சாதி, சொல்லத்தான் செய்வாய் என்கிறார்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பணம் அனுப்ப வேண்டாம். பினாங்குக்கு அழைக்கவும் வேண்டாம். எனக்கு எழுதாமல் அவர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மச்சான் என்று ஆரம்பித்து எழுதுங்கள். ஸ்ரீரங்கத்தில் நடந்ததை ஆரிஃபா எழுதினாள், நான் நம்பினேன் என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம். பெருநாளைக்கு முன்னால் வந்து சேரும்படி ஆகாயத் தபாலில் போடுங்கள்.

உங்களால் நம்ப முடியாமல் இருக்கலாம். பந்தியில் நடந்தது உங்கள் மனதை விட்டுப் போகவில்லை என்றால் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம்ப முடியாவிட்டாலும் நம்பியதாகவே எழுதுங்கள் அண்ணா. அந்தப் பொய்யின் பாவம் என் கணக்கில் சேரட்டும். உங்களைத் தண்டிக்க வேண்டாம் என்று அல்லாஹ்விடம் ஒவ்வொரு தொழுகையிலும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அவன் நீண்ட ஆயுளைத் தருவானாக.

உங்கள் தங்கை
ஆரிஃபா