சாராய சாமிக்கு ஒன்பது நாள் நவநாள்

ஜூலை 5, சனி
நவநாள் முடிந்தது. பேத்தி கலைமதி விழுப்புரம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போன புனிதருக்கு, ஒன்பது நாளும் மெழுகுத்திரி ஏற்றினேன். சுருட்டை முடி, தலையில் திராட்சைக்கொடி. பெயர் தெரியாவிட்டால் என்ன? என் மகன் தேவா குடியை விடவேண்டும் என்று கேட்டேன்.

ஜூலை 6
புனிதராம் புனிதர்! அது ரோமாபுரிக்காரன் கும்பிட்ட சாராய சாமியாம். பேர் பாக்கஸ். கலைமதி அதைப் பற்றித்தான் எம்.ஏ.வுக்குக் கட்டுரை எழுதுகிறாளாம். ஹாஸ்டலிலிருந்து வந்ததும் வராததுமாகச் சிரிக்கிறாள். "ஆயா, குடிக்கிற சாமிகிட்டயே போயி குடிய நிறுத்துன்னு கேட்டியா?"
தேவாவும் தள்ளாடிக்கினே சிரிக்கிறான். "யம்மா, இன்னொரு ஒம்போது நாளு வேண்டிக்கம்மா."
படத்தைக் கிழித்தேன். அஞ்சாவதுதான் படிச்சேன், ஆனா என்னப் பாத்து எவனும் சிரிச்சதில்ல.

ஜூலை 7
இருவரோடும் பேசவில்லை.

ஜூலை 8
கலைமதி தானாக வந்து உட்கார்ந்தாள். அந்தச் சாமியைக் கும்பிடப் பெண்களும் அடிமைகளும் கூடினார்களாம். ரோமாபுரியை ஆளும் சபைக்காரர்கள் பயந்து, அனுமதி இல்லாமல் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று வெண்கலத் தகட்டில் எழுதி, நிறையப் பேரைக் கொன்றார்களாம்.
"சாராயத்தையாவது நிறுத்தினானுங்களா?"
"இல்ல ஆயா. கூடினதுதான் தப்பு. அப்புறம் கவிஞருங்க, சண்டையில ஜெயிச்ச ராஜாவ அதே சாமிகூட உக்கார வெச்சுப் பாடினாங்க. தோத்தவனக் குடிகாரன்னாங்க."
போன வருஷம் ஏரிக்கரைச் சாராயக் கடையை எடுக்கச் சொல்லி நானும் பக்கத்து வீட்டு லூர்துமேரியும் ஊர்ப் பெண்களோடு போய் உட்கார்ந்தபோது எங்கள்மேல்தானே கேஸ்? அஞ்சு பேருக்கு மேல கூடினோமாம். கடைக்குள்ள இருந்த நாப்பது பேர எவன் எண்ணினான்?

ஜூலை 14
மறுபடி கடை வாசலில் போய் உட்கார்ந்தோம். பதினேழு பேர். இன்ஸ்பெக்டர் கேட்டார்: "யாரு பாட்டி பர்மிஷன் குடுத்தது?"
"ரோமாபுரிலயும் இதத்தாங்க கேட்டானுங்க" என்றேன்.
சாராயம் வாங்குகிற வரிசையில் தேவா நின்றிருந்தான். என்னைப் பார்த்துவிட்டான். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவன் திருப்பிக்கொண்டான்.

ஆகஸ்ட் 5
கடை இன்னும் இருக்கிறது. பழைய கேசுக்கு இன்று திண்டிவனம் கோர்ட்டில் வாய்தா. தேவாதான் வண்டியில் கூட்டிப்போனான். அவன் வாயில் சாராய வாடை இல்லை. கோர்ட் வாசலில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.
வீட்டுக்கு வந்து, பொம்பளைங்க கூடிக் கும்பிட்ட சாமியாச்சே என்று, கிழிந்த பாக்கஸ் படத்தை ஒட்டவைத்தேன். மாதா பக்கத்தில் இல்லை — வாசற்கதவுக்குப் பின்னால். திரி ஏற்றவில்லை.