ஆர்மோனியத்தின் மேல் வைத்த தாள்கள்

யெரெவான், ஆர்மீனியா
12-3-1968

என் பிரியமான பரமசிவத்துக்கு,

ஆறு வருஷம் கழித்துத் தமிழ் எழுதுகிறேன். எழுத்து கோணினால் சிரிக்காதே. கமலவேணியும் குழந்தைகளும் சுகம்தானே? பிள்ளையார்பாளையத்தில் காலையில் இன்னும் எல்லாத் தறியும் ஒன்றாகத்தான் சத்தம் போட ஆரம்பிக்கின்றனவா?

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. சின்னப் பெண்ணாக விட்டுவந்த மலையைச் சாவதற்கு முன் பார்க்கவேண்டும் என்றுதானே என்னை இங்கே இழுத்து வந்தாள். மலை ஜன்னலிலேயே தெரிகிறது. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம், வேறு தேசம், போகமுடியாது. பார்த்துக்கொண்டே இருந்து கண்ணை மூடினாள்.

நான் இசைப் பள்ளியில் வாத்தியார். விழாவுக்கும் அணிவகுப்புக்கும் பாட்டு அமைத்துக் கொடுக்கிறேன். இங்கே துடுக் என்று ஒரு குழல் உண்டு. ஒருவன் வாசிக்க, பக்கத்தில் இன்னொருவன் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருப்பான். கேட்கும்போதெல்லாம் ஏகாம்பரநாதர் கோயில் ஒத்துக்காரர் ஞாபகம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வானொலி வாத்தியக்குழுவினர், என் சொந்த இசை ஒன்றைக் கொடுத்தால் வாசிப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள, உன் வீட்டு மாடியில், மெத்தை அறையில் குடியிருந்த இரண்டு வருஷத்தில் எழுதியது ஒன்றுதான் இருக்கிறது. ஆர்மோனியத்தின் மேல் நூலால் கட்டி வைத்துவிட்டு வந்தேனே, அந்தத் தாள்களை அனுப்புவாயா? அதில் கடைசித் தாளைப் பார்த்தாயா?

உன்
வாகான்


சிவமயம்
காஞ்சிபுரம்
9-4-1968

அன்புள்ள வாகானுக்குப் பரமசிவம் எழுதுவது.

உன் கடிதத்தைத் தெருவே கூடிப் படித்தது. ரஷ்யா ஸ்டாம்பைத் தபால்காரரே கேட்டு வாங்கிப் போனார். "உங்க ஆர்மீனியக்காரரு இன்னாபா சாப்பிட்றாரு அங்க? ரசம் வச்சா மூணு டம்ளரு குடிப்பாரே" என்கிறாள் கமலவேணி. மெட்ராஸ் அரண்மனைக்காரத் தெருவில் பிறந்த உனக்கு அந்தக் குளிர் எப்படி ஒத்துக்கொள்கிறதோ.

தாள்களைப் பரணில் தேடவேண்டும். வேலை நெருக்குகிறது, பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மச்சினன் கல்யாணத்துக்கு நான் தாமல் கிராமம் போன இரண்டு நாளில் நீ கிளம்பிவிட்டாய். திரும்பி வந்தால் மெத்தை அறை காலி. "போயிட்டு வரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வழியில் தண்ணீர் கேட்டுக் குடிக்கிறவன்கூடச் சொல்லிவிட்டுத்தான் போகிறான்.

பரமசிவம்


யெரெவான்
30-5-1968

பரமசிவம்,

நான் கேட்டது தாள், நீ அனுப்பியது ரசம். அக்டோபருக்குள் கொடுத்தாக வேண்டும். நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். துணைக்கு ஒலிக்கும் பக்கக் குரல்களெல்லாம் வருகின்றன, நடு மெட்டு மட்டும் பிடிபடவில்லை. ஆறு வருஷம் அணிவகுப்புப் பாட்டு எழுதிய கை அல்லவா. நீ மழுப்புகிற ஆள் இல்லை. தாள்கள் இருக்கின்றனவா, இல்லையா?

வாகான்


காஞ்சிபுரம்
21-6-1968

வாகான்,

இல்லை.

பரணில் தேடுவதாகச் சொன்னது பொய். நீ போன அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு வருஷம் ஒரே பானைச் சோறு சாப்பிட்டோம். வேண்டாத தாளை விட்டெறிந்தமாதிரி என்னையும் விட்டெறிந்துவிட்டாய் என்று நினைத்தேன். ஜரிகை உரசாமல் இருக்கச் சேலை மடிப்புக்குள் தாள் வைப்போம் இல்லையா? உன் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக உருவி வைத்தேன். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. எந்த ஊரில் யார் பெட்டியில் கிடக்கின்றனவோ. தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன், வேண்டுமென்றேதான் செய்தேன்.

ஆனால் நீ மேலே வாசிக்க, கீழே தறிக்குழியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே நெய்தவன் நான். அந்த நடு மெட்டு எனக்குத் தலைகீழ்ப் பாடம். பஜனை மடத்தில் பஞ்சாட்சரம் ஓதுவார் சொல்லிக்கொடுத்த சுரம் கொஞ்சம் தெரியும். பன்னிரண்டு நாள் தறியை நிறுத்திவிட்டு, பாடிப் பாடி எழுதினேன். பதினெட்டுப் பக்கம் இத்துடன் வருகிறது. தப்பாக இருந்தால் திட்டு.

கடைசித் தாளில் என்ன இருந்தது?

பரமசிவம்


யெரெவான்
2-12-1968

பரமசிவம்,

உன் கடிதம் வந்து நாலு நாள் உன்னோடு பேசவில்லை. நீ இங்கே இல்லாததால் உனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் உன் சுரங்களைப் பியானோவில் வாசித்தேன். எல்லாம் இருந்தது. இரண்டாம் பகுதி மட்டும் நான் எழுதியதைவிட மெதுவாக இருந்தது. அது உன் தறியின் நடை. திருத்த உட்கார்ந்து, அப்படியே விட்டுவிட்டேன். நான் எழுதியது அவசரம், நீ கேட்டதுதான் சரி.

நவம்பரில் வாசித்தார்கள். அம்மா ஊர்க் கிழவி ஒருத்தி அழுதுகொண்டே வந்து, இது எங்கள் ஊர் மெட்டு என்றாள். காஞ்சிபுரத்து மெட்டும் இதில் பாதி என்று சொன்னேன், நம்பவில்லை.

கடைசித் தாளைக் கேட்கிறாய். அன்றைக்கு எழுதியதை இன்றைக்குத் திருப்பிச் சொல்ல வரவில்லை. போகட்டும். நெஞ்சு வலிக்கிறது, டாக்டர் மாடி ஏறாதே என்கிறார். நான் குடியிருப்பதோ நாலாம் மாடி.

உன் வாகான்


காஞ்சிபுரம்
17-2-1971

என் வாகானுக்கு,

உன் பள்ளியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. ஹைஸ்கூல் வாத்தியார் ஆதிகேசவன் படித்துச் சொன்னார். தை பிறப்பதற்குள் நெஞ்சுவலியில் நீ போய்விட்டாயாம். அன்று முழுக்க மெத்தை அறையில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று திருப்புட்குழியிலிருந்து ரேணுகாம்பாள் என்ற பெண் வந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் நெய்து கொடுத்த கல்யாணச் சேலையில் கரை விட்டுப்போக, சரிசெய்து தரச் சொல்லிக் கொண்டுவந்திருந்தாள். "மடிப்புல இந்தத் தாளு இருந்திச்சிபா. கோடு கோடா இருக்குது, அடியில உன் பேரு வேற எழுதியிருக்குது. தூக்கிப்போட மனசு வரல" என்றாள்.

கோடுகளுக்குக் கீழே உன் கோணல் எழுத்து.

"பரமசிவம், நீ தாமலில் இருக்கும்போதே கிளம்புகிறேன். நீ வாசலில் வந்து நின்றால் எனக்குக் கால் நகராது. அம்மாவை இனியும் காக்கவைக்க முடியாது. இந்த இசை உன் தறிச் சத்தத்தில் பிறந்தது, உன்னிடமே இருக்கட்டும். போயிட்டு வரேன்."

சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். திருப்பிப் பார்க்காதவன் நான். நீயும் வாய்விட்டுச் சொல்லாமல் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டாயே, பாவி. தாங்கமுடியவில்லை வாகான்.

இந்தக் கடிதத்தைப் போட விலாசம் இல்லை. உன் தாளோடு சேர்த்துக் கட்டி ஆர்மோனியத்தின் மேலேயே வைக்கிறேன். அன்றைக்கு வாசலில் நின்று சொல்லியிருக்கவேண்டியது பாக்கி இருக்கிறது.

போயிட்டு வாப்பா.

பரமசிவம்